மூப்பை வெல்லும் மருந்தும் அதியமான் நெல்லியும்

‘நூறாண்டு வாழ்க’ என வாழ்த்துவது நம் மரபு. வாழ்த்தப் பெற்றவர் அந்த நூறாவது ஆண்டில் எந்தத் திண்ணையில் கிடப்பார், அவருக்குக் கஞ்சி வார்ப்பவர் யார் என்று வாழ்த்துவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயுளை ஓர் எண்ணாகவே கருதிப் பழகிவிட்டோம். அந்த எண்ணை மருந்தினால் கூட்ட இயலுமா என்னும் வினா, சித்தர் காலம் தொட்டு இன்றைய ஆய்வுக்கூடம் வரை மாந்தரை விடாமல் தொடர்ந்து வருகிறது. இவ்வினாவை நேர்மையோடும் நிதானத்தோடும் எதிர்கொள்ளும் நூல் ஒன்றை வாசகர்களோடு சேர்ந்து திறனாய விழைகிறோம்.

நூலும் ஆசிரியரும்

சிதம்பரத்தில் 1952-ஆம் ஆண்டு பிறந்து, வதோதராவில் வளர்ந்து, உயிரணுவினுள் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து அறிந்தமைக்காக 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசை மற்றிருவரோடு பகிர்ந்துகொண்டவர் வெங்கி இராமகிருஷ்ணன். அவர் 2024-இல் வெளியிட்ட ஆங்கில நூல் ‘வொய் வீ டை’. ‘நாம் ஏன் இறக்கிறோம்’ என்பது அதன் பொருள். உயிரணுவின் மரபுப் பொருளில் நேரும் சேதம், புரதங்களின் சீர்கேடு, ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகளின் தளர்ச்சி என மூப்பின் வேர்களை ஒவ்வொன்றாகத் தோண்டிக் காட்டி, இறுதியில் ‘என்றென்றும் வாழத்தான் வேண்டுமா?’ என்ற கேள்வியில் வந்து நிற்கிறது நூல்.

இந்நூலின் முதற்சிறப்பு ஆசிரியரின் கைச்சுத்தம். மூப்பை வெல்லுவோம் என முழங்கும் அறிவியலாளர் பலர் தாமே மருந்து நிறுவனங்களின் பங்காளிகளாகவும் இருக்கின்றனர். வெங்கியோ இத்துறைக்கு வெளியே நிற்பவர். இதில் தமக்கு ஆதாயம் ஏதுமில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். திராட்சைத் தோலிலுள்ள ஒரு பொருள் இளமை காக்கும் என்று பெரும் ஆரவாரம் எழுந்ததும், அதனை நம்பி மருந்து நிறுவனம் ஒன்று 2008-இல் 72 கோடி டாலர் கொடுத்து ஒரு சிறு நிறுவனத்தை விலைக்கு வாங்கி, ஐந்தாண்டுகளில் அதனை மூடியதும் அண்மைக்கால வரலாறு. இத்தகைய ஆரவாரங்களைக் கண்டு மயங்காத கண் இந்நூலாசிரியருடையது. நல்ல உணவு, நல்ல உறக்கம், உடலுழைப்பு ஆகிய மூன்றும் சந்தையில் விற்கும் எந்த மூப்பு மருந்தையும்விட நன்மை பயப்பவை என்று அவர் முடிக்கும்போது, நம் பாட்டிமார் சொன்னதை ஒரு நோபல் அறிஞர் வழிமொழிவதாகவே தோன்றுகிறது.

பழைய மருந்துகளின் புதிய பணி

மூப்புக்கென்று புதிதாக எதனையும் கண்டுபிடிக்காமல், வேறு நோய்களுக்காக ஏற்கெனவே வழக்கிலிருக்கும் மருந்துகளைக் கொண்டே அதனைத் தாமதப்படுத்தலாம் என்ற கருத்தே இன்று இத்துறையில் அதிகம் பேசப்படுகிறது. அவற்றுள் முதன்மையானது ரப்பாமைசின். அதன் வரலாறு ஒரு நாவலுக்குரியது.

பசிபிக் பெருங்கடலின் நடுவே, கற்சிலைகளுக்குப் பெயர்பெற்ற ஈஸ்டர் தீவுக்கு 1964-ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு கப்பலேறிச் சென்றது. அக்குழுவினர் அள்ளி வந்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து, மான்ட்ரியால் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த சுரேந்திரநாத் சேகல் என்பார் 1972-இல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். தீவின் சொந்தப் பெயரான ‘ராப்பா நூயி’ என்பதே மருந்தின் பெயராயிற்று. பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்தவர் சேகல். 1980-களின் தொடக்கத்தில் அந்த ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது, அந்நுண்ணுயிரை எறிந்துவிட மனமின்றி, தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். பூஞ்சைக்கு எதிரான மருந்தாகத் தொடங்கிய அது, 1999-இல், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்கித் தள்ளாமலிருக்க உதவும் மருந்தாக அமெரிக்காவில் ஏற்கப்பட்டது.

மூப்பின் கதை 2009-இல் தொடங்குகிறது. மனிதருக்கு ஒப்பிட்டால் ஏறத்தாழ அறுபது வயதைத் தொட்ட எலிகளுக்கு இம்மருந்து கொடுக்கப்பட்டது. பெண் எலிகளின் ஆயுளெல்லை 14 விழுக்காடும் ஆண் எலிகளுடையது 9 விழுக்காடும் நீண்டன. மூன்று வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் ஒரே முடிவு கிடைத்தமையால் அறிவுலகம் வியந்தது. ஆயினும் எலி வேறு, மனிதர் வேறு. இம்மருந்து உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிப்பது. வாய்ப்புண், இரத்தக் கொழுப்பு மிகுதல், தொற்று ஆகிய இடர்களை உடையது. நலமாயிருப்பவர் பல்லாண்டுகள் இதனை உண்ணலாம் என்பதற்குச் சான்று இல்லை. மூப்பை வெல்லவெனப் பெருஞ்செல்வம் செலவிட்டுவரும் அமெரிக்கர் ஒருவர், ஏறத்தாழ ஐந்தாண்டுகள் இதனை உட்கொண்டபின், இத்தகைய இடர்களைக் காட்டி 2024-இல் நிறுத்திவிட்டதாக அறிவித்தார்.

இரண்டாவது மருந்து நம் தெருக்களுக்கு மிக அறிமுகமானது. நாகல் நகரில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் தைலப் புட்டிக்கு அருகே இருக்கும் ‘சர்க்கரை மாத்திரை’தான் அது, மெட்ஃபார்மின் என்பது அதன் மருந்துப் பெயர். ஐரோப்பியப் புல்வெளிச் செடியொன்றின் மருத்துவக் குணத்தை ஆராய்ந்த வழியில் உருவான இதனை, 1957-இல் ழான் ஸ்டெர்ன் எனும் பிரெஞ்சு மருத்துவர் நீரிழிவுக்கு மருந்தாக அறிமுகம் செய்தார். இதனை உண்ட நீரிழிவு நோயாளிகள், நோயே இல்லாதவர்களைவிடச் சற்று நீண்ட நாள் வாழ்ந்ததாகப் பிரித்தானிய ஆய்வு ஒன்று 2014-இல் கூறியது. நோயற்றவருக்கும் இது நன்மை தருமா என அறிய, 65 முதல் 79 வயதுக்குட்பட்ட 3000 பேரிடம் ஆறாண்டுகள் சோதிக்க அமெரிக்காவில் திட்டமிடப்பட்டது. ஆனால் மாத்திரை மிக மலிவானது, காப்புரிமை காலாவதியானது, இதில் இலாபம் காண எந்த நிறுவனத்துக்கும் வழியில்லை. ஆதலால் அத்திட்டம் பல்லாண்டுகள் போதிய நிதியின்றித் தவித்தது. இதற்கிடையே 2022-இல் டென்மார்க் நாட்டுத் தரவுகளை ஆராய்ந்தோர் முந்தைய முடிவை உறுதிசெய்ய இயலவில்லை. உடற்பயிற்சி செய்யும் முதியோர்க்குத் தசை வலுப்பெறுவதை இம்மாத்திரை ஓரளவு குறைக்கிறது என்றும் 2019-இல் அறியப்பட்டது. சீனாவில் குரங்குகளுக்கு நாற்பது மாதங்கள் கொடுத்து 2024-இல் வெளியிடப்பட்ட ஆய்வோ நம்பிக்கையூட்டுகிறது. ஆக, கதவு மூடவுமில்லை, திறக்கவுமில்லை.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீரிழிவு உடையவர் மருத்துவர் சொன்னபடி இம்மாத்திரையை விடாது உண்ண வேண்டும். நலமாயிருக்கும் நாற்பது வயதினர், இளமை நிலைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டுத் தாமாக வாங்கி விழுங்கலாகாது.

பசியில்லா நோன்பு

ரப்பாமைசின் எவ்வாறு செயற்படுகிறது என்பதை விளக்கும் பகுதியே நூலில் நம்மை மிகவும் சிந்திக்கச் செய்தது. உயிரணுவுக்குள் ஒரு புரதம் காவற்காரனைப் போல் அமர்ந்து, உணவு வருகிறதா எனப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உணவு மிகுந்தால் ‘கட்டு, வளர்’ என ஆணையிடுகிறது. உணவு குறைந்தால் கட்டும் வேலை நின்று, உயிரணு தன் வீட்டிலுள்ள உடைசல்களையும் கழிவுகளையும் எடுத்து உருக்கிப் பயன்படுத்தத் தொடங்குகிறது. இந்தத் துப்புரவுப் பணியின் நுட்பத்தை விளக்கிய ஜப்பானியர் யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் பரிசு பெற்றார். ரப்பாமைசின் அந்தக் காவற்காரனை அடக்கிவைக்கிறது. வயிறு நிறைந்திருக்கையிலேயே உயிரணு தான் நோன்பிருப்பதாக நம்பித் துப்புரவு செய்கிறது.

தவக்காலந்தோறும் நோன்பைப் பற்றி மறையுரை ஆற்றும் நமக்கு இது வியப்பும் தருகிறது. சிறு நெருடலும் தருகிறது. நோன்பால் உடல் தூய்மையடைகிறது என்று முன்னோர் கண்டது வீணன்று என உயிரியல் சான்றளிக்கிறது. ஆனால் எசாயா நூலின் 58-ஆம் அதிகாரத்தை அறிந்தவர், நோன்பின் மறுபாதி எது என்பதையும் அறிவர். தான் உண்ணாது விட்ட உணவு பசித்தவன் இலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே இறைவாக்கினரின் கட்டளை. பசிக்காமலே நோன்பின் பயனைத் தரும் மாத்திரை, உடலுக்குரிய பாதியை எடுத்துக்கொண்டு, அயலானுக்குரிய பாதியைக் கைவிட்டுவிடுகிறது. நாம் மருந்தைப் பழிக்கவில்லை. மருந்து தன் வேலையைச் செய்கிறது. ஆனால் விடுபட்ட பாதியை யார் நிறைவேற்றுவது?

மரபின் மருந்துப்பெட்டி

மூப்பை மருந்தால் வெல்லும் வேட்கை நம் மண்ணுக்குப் புதிதன்று. இதே திண்டுக்கல் மாவட்டத்தின் பழனியில் போகர் ஒன்பது பாடாணங்களைச் சேர்த்துத் திருமேனி வடித்தார் என்பது தொன்மம். சிறுமலையோ சஞ்சீவி மலையிலிருந்து சிந்திய துண்டு என்று ஊரார் சொல்வர். திருமூலர் மூவாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதும் மரபு. காயகற்பம் என்ற சொல் நூல்களிலிருந்து இறங்கித் தெருச்சுவர் விளம்பரம் வரை வந்துவிட்டது.

இவ்வேட்கையை நகைச்சுவையால் அளந்தவர் புதுமைப்பித்தன். 1943-இல் வெளியான ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில், கந்தசாமிப் பிள்ளை நடத்தும் பத்திரிகையின் பெயர் சித்த வைத்திய தீபிகை. சென்னைக்கு வந்த கடவுள் அதற்கு ஆயுள் சந்தாதாரர் ஆகிறார். சாவே இல்லாதவர் ஆயுள் சந்தா கட்டுவதை நினைத்துச் சிரித்து முடித்தபின் ஓர் எண்ணம் எஞ்சுகிறது. உயிர்காக்கும் கலையைப் பேசும் பத்திரிகைக்காரரே தம் பிழைப்புக்கு அல்லாடுகிறார். அவரோடு சேர்ந்திருக்க விரும்பிய கடவுளுக்கோ மனிதரோடு வாழும் வழி எளிதில் பிடிபடவில்லை. நீண்டு வாழ்வது ஒரு கலை, சேர்ந்து வாழ்வது மற்றொரு கலை என்று உரத்துச் சொல்லாமலே அக்கதை உணர்த்துகிறது.

நூல் தொட்டும் தங்காத இடம்

தம் இறுதி இயலில் வெங்கி ஏற்றத்தாழ்வை எழுப்புகிறார். மூப்பு மருந்து வந்தால் அது முதலில் செல்வரையே சென்றடையும் என அஞ்சுகிறார். அவ்வச்சம் நியாயமானது. அமெரிக்க ஆண்களில் மிகுந்த வருவாயுடைய ஒரு விழுக்காட்டினர், மிகக் குறைந்த வருவாயுடைய ஒரு விழுக்காட்டினரைவிட 14.6 ஆண்டுகள் கூடுதலாக வாழ்வதாக 2016-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மருந்து வராமலே இவ்வளவு இடைவெளி, வந்தால் எவ்வளவு?

ஆனால் முதியவரின் பக்கத்தில் யார் அமர்ந்திருக்கிறார் என்ற கேள்வியை நூல் தொட்டுச் செல்கிறதேயன்றி அங்கே தங்கவில்லை. உடலின் மூப்பை உயிரணு வரை பின்தொடரும் நூல், வீட்டின் மூப்பை வாசற்படி வரைகூடப் பின்தொடரவில்லை. இதுவே நம் முதன்மையான குறைப்பாடு.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது கடந்தவர்கள். நாகல் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் அத்தகையோரை நாம் நாள்தோறும் சந்திக்கிறோம். தறியில் அமர்ந்து கண் மங்கியவர்கள். பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்து விரல் மடங்காதவர்கள். பிள்ளைகளைத் திருப்பூருக்கும் சென்னைக்கும் அனுப்பிவிட்டு ஒற்றை அறையில் தங்கியிருப்பவர்கள். ‘எத்தனை வயது வரை இருப்பேன் சாமி?’ என்று அவர்கள் கேட்பதில்லை. ‘விழுந்துவிட்டால் யார் தூக்குவார்?’ என்றே கேட்கிறார்கள். சர்க்கரை மாத்திரை இருக்கிறது; ஆனால் அட்டையிலுள்ள எழுத்தைப் படித்துக் காலைக்கு எது, இரவுக்கு எது என்று பிரித்துத் தர ஆளில்லை. தீர்ந்துவிடுமே என்ற அச்சத்தில் மாத்திரையைப் பாதியாக ஒடித்து உண்பவர்கள் இருக்கிறார்கள். உலகின் மறுபுறத்தில் நோயில்லாதவர்கள் ஆயுளை நீட்ட நாடும் அதே மாத்திரையை, நோயுள்ள நம் முதியவர் நாளை நீட்ட ஒடித்து வைக்கிறார்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. நலமுடன் வாழும் ஆண்டுகளைக் கூட்டும் முயற்சி என்று இதனைத்தான் நாம் முதலில் எண்ணுவோம். இருக்கிற மருந்து, இருக்கிற முதியவரைச் சென்றடைதல் என்பது ஆய்வுக்கூடத்துக்கு வியப்பளிக்காத செய்தி; ஆனால் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் காப்பது அதுவே.

இதே தென்மாவட்டங்களின் மற்றொரு முகத்தையும் மறைத்தலாகாது. படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாவுக்கு அனுப்பும் ‘தலைக்கூத்தல்’ விருதுநகர்ப் பகுதியில் நிகழ்ந்த செய்தி 2010-இல் நாடறிந்தது. பிரியா கிருஷ்ணசாமி இயக்கி, 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற ‘பாரம்’ அதனையே பேசுகிறது. படத்தின் பெயரே குற்றச்சாட்டு. ஆயுளை நீட்டும் மருந்தைத் தேடும் உலகமும், நீண்ட ஆயுளைப் பாரமெனக் கருதும் வீடும் ஒரே காலத்தில் வாழ்கின்றன. பாரமெனக் கருதப்படும் ஒருவருக்கு மேலும் பத்தாண்டுகளைக் கொடுத்தால், நாம் கொடுப்பது வாழ்வையா, தண்டனைக் காலத்தையா?

உயிர்ப்பு ஓர் உபாயமா?

சாவைக் கடக்க மனிதர் கையாண்ட வழிகளை நான்காகப் பகுக்கும் மெய்யியலாளர் ஸ்டீபன் கேவின் கருத்தை வெங்கி எடுத்தாள்கிறார். சாகாதிருத்தல், உடலோடு மீண்டெழுதல், ஆன்மாவாக நிலைத்தல், புகழாலும் வழித்தோன்றலாலும் நீடித்தல் என்பவை அவை. வசதியான பகுப்புதான். எனினும் உயிர்ப்பு நம்பிக்கையைச் சாகாமருந்து தேடுவதோடு ஒரே வரிசையில் ‘உபாயம்’ என நிறுத்துவது பொருந்தாது. உபாயம் என்பது சாவைச் சுற்றிச் செல்லும் வழி. உயிர்ப்போ சாவின் ஊடே செல்வது. அதுவும் பிறருக்காகத் தன்னைக் கொடுத்ததன் பின் வருவது.

2010-ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பு மறையுரையில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஒரு பழைய யூதக் கதையை நினைவூட்டினார். நோயுற்ற ஆதாம், இரக்கத்தின் எண்ணெயைப் பெற்றுவருமாறு தன் மகன் சேத்தை ஏவாளோடு விண்ணகத் தோட்டத்துக்கு அனுப்புகிறான். எண்ணெய் கிடைக்கவில்லை. இன்று அத்தகைய மருந்து கிடைத்து, நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழ நேர்ந்தால், மானிடம் மிக முதிர்ந்து, இளமைக்கு இடமின்றிப் போகும். முடிவற்ற அவ்வாழ்வு விண்ணகமாக இராது என்றார் திருத்தந்தை. வியப்பு என்னவெனில், மூத்தோர் இடத்தை விடாவிடில் புதுமை தேங்கிவிடும் என்று வெங்கியும் ஏறத்தாழ இதே கவலையைத் தம் இறுதி இயலில் வெளியிடுகிறார். பீடத்திலிருந்து பேசியவரும் ஆய்வுக்கூடத்திலிருந்து பேசியவரும் ஒரே திசையில் விரல் நீட்டுகின்றனர்.

கொடுத்த கை

ஆயுள் மருந்தைப் பற்றித் தமிழ் இலக்கியம் தரும் மிகப் பழைய காட்சி எதுவென்று கேட்டால் புறநானூற்றின் 91-ஆம் பாடலைச் சுட்டுவோம். ஏறற்கரிய மலைப்பிளவில் விளைந்த நெல்லிக்கனி ஒன்று அதியமான் நெடுமான் அஞ்சிக்குக் கிடைக்கிறது. உண்டவரைச் சாவினின்று காக்கும் கனி அது. அதன் அருமையைத் தன் உள்ளத்திலேயே மறைத்துக்கொண்டு அவன் அதனை ஔவைக்குக் கொடுத்துவிடுகிறான். பயனைச் சொல்லியிருந்தால் அவர் வாங்கியிரார் என்பதை அறிந்த நாகரிகம் அது. ஔவையோ, நஞ்சுண்ட நீலமிடற்றோனைப் போல நிலைபெறுக என்று அவனை வாழ்த்துகிறார்.

போர்க்களத்தில் நாள்தோறும் சாவை எதிர்கொள்ளும் மன்னனைவிட அக்கனியின் தேவை வேறு யாருக்கு மிகுதி? ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழர் அவனை நினைப்பது அவன் எத்தனை ஆண்டு வாழ்ந்தான் என்பதற்காக அன்று. கனி கை மாறிய அந்த ஒரு கணத்துக்காகவே நினைக்கிறோம். அந்தியோக்கு நகர்ப் புனித இஞ்ஞாசியார் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எபேசு மக்களுக்கு எழுதிய மடலில் நற்கருணையைச் சாகாமருந்து என்று அழைத்தபோதும், அதனைத் தனியே விழுங்கும் ஒன்றாகச் சொல்லவில்லை. கூடிவந்து பிட்டுப் பகிரும் ஒரே அப்பமாகவே சொன்னார். ஒருவரையொருவர் அறியாத இவ்விரு மரபுகளும் ஒன்றில் இணைகின்றன. உயிர்தரும் மருந்து, கொடுக்கப்படும்போதுதான் தன் பெயருக்கு உரியதாகிறது.

இந்த அளவுகோலை வைத்து நோக்கினால், வெங்கியின் நூல் மருந்தைப் பற்றிய பொய்களைக் களைந்து பெருந்தொண்டு புரிந்திருக்கிறது என்போம். எதை நம்பலாகாது என்று அது சொல்லும் அளவுக்குத் தெளிவாகச் சொன்ன நூல்கள் குறைவு. ஆங்கிலம் கற்ற நம் இளைஞர்கள், குறிப்பாக மருத்துவமும் மருந்தியலும் பயில்வோர், இதனைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். வாசித்தபின் நூல் நிற்கும் இடத்திலிருந்து அவர்கள் ஓரடி எடுத்துவைக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அந்த ஓரடி மிகச் சிறியது. தம் தெருவில் தனித்து வாழும் முதியவர் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒருமுறை சென்று, மாத்திரை அட்டைகளைப் பார்த்து, ஏழு நாளுக்கும் காலை இரவு எனப் பொட்டலமிட்டுக் கொடுத்து, தீரப்போவதை முன்னரே வாங்கிவைத்துவிட்டு, அரைமணி நேரம் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டு வரட்டும். அவர் ஆயுள் எத்தனை விழுக்காடு கூடியது என்று அளக்க எந்த ஆய்வுக்கூடமும் வராது. அடுத்த வாரம் அவர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார், அது போதும்.